ஸ்கூல்ல லத்தீன்: அப்பா அம்மாங்க என்கிட்ட கேக்குற அதே கேள்விங்க

என் பொண்ணு இயர் 9ல (13, 14 வயசு) பாடம் தேர்ந்தெடுக்கிற ஆப்ஷன்ஸ் ஃபார்ம்ல லத்தீனை டிக் பண்ணிட்டு வந்தப்போ எனக்கு அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. இப்போ அவ ஏ லெவல்லயும் (ஸ்கூலோட கடைசி ரெண்டு வருஷம்) லத்தீன் தான், தம்பி இயர் 8ல ஆரம்பிச்சிருக்கான், ரெண்டு பேருக்கும் பக்கத்துல உக்காந்து வார்த்தை கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. அன்னைலேர்ந்து சனிக்கிழமை தமிழ் ஸ்கூல் வாசல்ல, பர்த்டே பார்ட்டில, ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்ஆப்லன்னு ஒரே மாதிரி கேள்விங்க வந்துட்டே இருக்கு, அதான் ஒரு தடவை எழுதி வெச்சுட்டா லிங்க் அனுப்பிடலாமேன்னு உக்காந்துட்டேன். நான் டீச்சர் கிடையாது. சொல்றதெல்லாம் இங்கிலாந்து ஸ்கூலுங்களுக்குத் தான், ஸ்காட்லாந்துல பரீட்சை முறையே வேற.

லத்தீன் செத்துப்போன மொழி தானே, அதைப் போய் ஏன் இன்னும் சொல்லித் தர்றாங்க?

பேசுறவங்க இல்லன்றது சரி தான். ஆனா இந்த நாட்டுல அது ரொம்ப காலமா ஒரு கேட் மாதிரி இருந்துச்சு. 1960 வாக்குல வரைக்கும் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் போகணும்னா சயின்ஸ் படிக்கிற பிள்ளைக்குக் கூட லத்தீன் தெரிஞ்சிருக்கணும். அந்த கண்டிஷனை எடுத்ததும் பிள்ளைங்க கும்பலா லத்தீனை விட்டு ஓடிடுவாங்கன்னு வாத்தியாருங்களுக்குப் பயம் வந்து, இலக்கண அட்டவணைல ஆரம்பிக்காம கதைல ஆரம்பிக்கிற மாதிரி பாடத்தை மாத்தினாங்க. 1970ல வந்த கேம்பிரிட்ஜ் லத்தீன் கோர்ஸ் அப்படி வந்தது தான். உங்க பிள்ளை வீட்டுக்கு வந்து கைகிலியுஸ், மெடெல்லா, சமையல்காரன் க்ரூமியோன்னு ஒரு குடும்பக் கதை சொல்லுச்சுன்னா இந்த புக் தான்.

அந்த கைகிலியுஸ் கற்பனை ஆள் இல்ல. இத்தாலில பாம்பேய் ஊர்ல நிஜமா இருந்த வட்டிக்கடைக்காரர் மாதிரி ஒருத்தர், 1875ல அவர் வீட்டைத் தோண்டினப்போ 150க்கு மேல கணக்குப் பலகைங்க கிடைச்சுது, யாருக்கு எவ்வளவு ஏலப் பணம் குடுத்தார்னு ரசீது. கி.பி. 79ல வெசூவியஸ் மலை வெடிக்கும்போது அவர் உயிரோட இருந்தாரான்றது வேற விஷயம், கதைல இருக்கார். எங்க வீட்ல அந்தக் கடைசி பாடத்தன்னைக்கு சாப்பாட்டு மேசைல ஒரே சோகம்.

பரீட்சை எப்படி இருக்கும்? ஸ்பீக்கிங் உண்டா?

ஸ்பீக்கிங் இல்ல, லிசனிங் இல்ல, கோர்ஸ்வொர்க்கும் இல்ல. ஃபவுண்டேஷன், ஹயர்னு ரெண்டு அடுக்கும் கிடையாது, எல்லாரும் ஒரே பேப்பர். ஜிசிஎஸ்இன்றது பதினாறு வயசுல எழுதுற பரீட்சை, அதுல லத்தீனை ஓசிஆர், எட்யூகாஸ்னு ரெண்டு போர்டு நடத்துது, ரெண்டுலயும் பாதி மார்க் லாங்குவேஜ் பேப்பருக்கு, ஒன்றரை மணி நேரம். பார்க்காத லத்தீன் பத்தியைக் குடுத்து கேள்வி கேப்பாங்க, மொழிபெயர்க்கச் சொல்லுவாங்க. டிக்‌ஷனரி உள்ள எடுத்துட்டுப் போக முடியாது, ஆனா குறிப்பிட்ட வார்த்தைப் பட்டியல் முன்னாடியே குடுத்துடறாங்க, கிட்டத்தட்ட 450 வார்த்தை, அதுக்கு வெளியில வர்ற வார்த்தைக்கு அர்த்தம் பேப்பர்லயே இருக்கும்.

மீதி பாதி இலக்கியமும் ரோமானியர் வாழ்க்கையும். உண்மையான லத்தீன் உரைநடை, கவிதை கொஞ்சம் ரெண்டு வருஷம் வகுப்புல வரி வரியா படிப்பாங்க, அதுக்கு செட் டெக்ஸ்ட்னு பேரு. எதை எதோட சேர்த்து எழுதுறதுன்றதை ஸ்கூல் தான் முடிவு பண்ணும். ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க: செட் டெக்ஸ்ட் மாறிட்டே இருக்கும், அதனால அக்கா நோட்ஸ் தம்பிக்கு ஆகும்னு எடுத்து வெச்சா ஏமாந்துடுவீங்க. நான் ஒரு பெட்டி நிறைய வெச்சிருந்தேன்.

எங்க ஸ்கூல்ல லத்தீனே இல்லையே, அது பிரைவேட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மட்டும் தானா?

மட்டும்னு இல்ல, ஆனா நிலைமை அப்படித் தான் சாய்ஞ்சிருக்கு. 2021ல கவர்ன்மென்டே எடுத்துச் சொன்ன கணக்கு: இயர் 7லேர்ந்து 9 வரைக்கும் லத்தீன் சொல்லித் தர்ற ஸ்டேட் ஸ்கூல் 2.7 சதவீதம், பிரைவேட் ஸ்கூல் 49 சதவீதம். இதைச் சரி பண்ணத் தான் 40 ஸ்டேட் ஸ்கூல்ல லத்தீன் கொண்டு வர்றோம்னு 40 லட்சம் பவுண்ட் ஒதுக்கி 2022 செப்டம்பர்ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. ஆட்சி மாறுனதும் 2024 டிசம்பர்ல அறிவிச்சு 2025 பிப்ரவரியோட காசை நிறுத்திட்டாங்க. ஜிசிஎஸ்இ பாதில நிக்கிற பிள்ளைங்களை நெனச்சா எனக்கு இன்னும் கோபம் தான் வருது, வருஷம் முடியட்டும்னாவது விட்டிருக்கலாம்.

ஸ்டேட் ஸ்கூல்னா கிராமர் ஸ்கூலுங்கள்ல (நுழைவுத் தேர்வு வெச்சு எடுக்குறது) கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி. தேர்வு இல்லாம எல்லாரையும் எடுக்குற காம்ப்ரிஹென்சிவ் சிலதுல லஞ்ச் டைம்லயோ ஸ்கூல் முடிஞ்சோ கிளப் மாதிரி நடத்துறாங்க. கிளாசிக்ஸ் ஃபார் ஆல்னு ஒரு சாரிட்டி, ஸ்டேட் ஸ்கூலுங்க புதுசா ஆரம்பிக்கிறதுக்கும் டீச்சருங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்குறதுக்கும் உதவி பண்ணுது. நாலு பெற்றோர் சேர்ந்து போய் ஹெட் டீச்சர்கிட்ட கேட்டாங்கன்னா காது குடுப்பாங்க, ஒருத்தர் மட்டும் மெயில் போட்டா பதில் வரும், வகுப்பு வராது.

லத்தீன், கிளாசிக்கல் சிவிலைசேஷன், ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி... மூணும் ஒண்ணு தானே?

இல்லவே இல்ல. லத்தீன் மொழிப் பாடம். கிளாசிக்கல் சிவிலைசேஷன்ல லத்தீனும் வேண்டாம் கிரேக்கமும் வேண்டாம், எல்லாமே இங்கிலீஷ்ல: கடவுளுங்க, கோயிலுங்க, கிரேக்கக் கவிஞர் ஹோமர் காலத்து உலகம், ரோம் நகர வாழ்க்கை, போர்முறை. ஏ லெவல்லயும் அப்படியே, அதுல ஹோமரையும் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலையும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல படிக்கணும், கதை கேக்குற ஆசை இருக்குற பிள்ளைக்கு விருந்து. ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி பேருக்கேத்த மாதிரி சரித்திரம், ஜிசிஎஸ்இல பாரசீக சாம்ராஜ்யம், சைரஸ், டேரியஸ் எல்லாரும் கட்டாயம்.

ஆப்ஷன் எடுக்கும்போது லத்தீன் ஒரு லாங்குவேஜா கணக்காகும், சிவிலைசேஷன் அப்படி ஆகாது. பிள்ளைக்கு இலக்கணம்னாலே அலர்ஜி, ஆனா மினோட்டார், மெடூசா, கிளாடியேட்டர்னா கண்ணு விரியுதுன்னா சிவிலைசேஷன் எடுக்கட்டும், அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல.

அக்கா, மகளுக்கு ஜெர்மன் எடுக்கிறதோ லத்தீன் எடுக்கிறதோ எண்டு வீட்டில ஒரே சண்டை. எது நல்லம்?

இதைக் கேட்டவங்களுக்கு நான் திருப்பிக் கேட்டது: மகளுக்கு பேச விருப்பமா, புதிர் போட விருப்பமா? ஜெர்மன்ல ஸ்பீக்கிங் பேப்பர் இருக்கு, ஒரு நாள் பெர்லின் போனா காபி வாங்கலாம். லத்தீன்ல யாரும் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டாங்க, கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைங்களுக்கு இது பெரிய நிம்மதி, ஆனா ஒரு வாக்கியத்தை அரை மணி நேரம் பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்குற பொறுமை வேணும். டைம்டேபிள் இடம் குடுத்தா ரெண்டையும் எடுக்கலாம், ஜெர்மன்லயும் வேற்றுமை இருக்குறதால ஒண்ணுக்கு ஒண்ணு துணை தான்.

லத்தீன் தெரிஞ்சா ஸ்பானிஷ், பிரெஞ்சு, இத்தாலியன் சுலபமா வரும்னு சொல்லுவாங்க. உண்மை தான், ஆனா அதுக்காக மட்டும் லத்தீன் எடுக்காதீங்க, ஸ்பானிஷ் வேணும்னா நேரா ஸ்பானிஷே படிக்கலாமே.

வீட்ல யாருக்கும் லத்தீன் தெரியாது, ட்யூஷன் வெக்காம நாங்க எப்படி ஹெல்ப் பண்றது?

இந்தப் பக்கத்தை எழுதவே காரணமான கேள்வி இது தான். உங்களுக்கு லத்தீன் தெரியாது, சரி. ஆனா லத்தீன் வேலை செய்யுற விதம் உங்களுக்கு நல்லாவே தெரியும், ஏன்னா தமிழும் வார்த்தையோட வால்ல தான் விஷயத்தை வெக்குது. நாய் விவசாயியைக் கடிச்சுதுன்னாலும் விவசாயியை நாய் கடிச்சுதுன்னாலும் கடி வாங்கினது யாருன்னு நமக்குக் குழப்பமே இல்ல, அந்த ஐ சொல்லிடுது. லத்தீன்லயும் அதே தான், கானிஸ் அக்ரிகோலாம் மோர்டெட்னா நாய் விவசாயியைக் கடிக்குது, அக்ரிகோலாம் கானிஸ் மோர்டெட்னு மாத்திப் போட்டாலும் அதே அர்த்தம். கானெம் அக்ரிகோலா மோர்டெட்னா மட்டும் விவசாயி நாயைக் கடிக்கிறார். இங்கிலீஷ் மட்டும் காதுல இருக்குற பிள்ளை முதல்ல வர்ற பெயர் தான் எழுவாய்னு நெனச்சு ஓடும், இயர் 8ல பாதி தப்பு இங்க தான். என் பையன் திணறும்போது நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு: தமிழ்ல சொல்லிப் பாரு.

போகப் போக நானே அசந்து போன இடங்கள் இருக்கு. எனக்கு ஒரு புத்தகம் இருக்குன்றதை அவங்க மிஹி லிபெர் எஸ்ட்ன்றாங்க, மிஹின்னா எனக்கு. எனக்குப் பிடிச்சிருக்குன்றதுக்கு மிஹி ப்லாகெட். இங்கிலீஷ்ல நான் புத்தகம் வெச்சிருக்கேன், நான் விரும்பறேன்னு எல்லாத்துக்கும் நான் வந்து முன்னாடி நிக்கும், நமக்கும் ரோமானியருக்கும் எனக்கு தான். வினைச்சொல் கடைசில வர்றது, அமோ அமாஸ் அமாட்னு வினையோட வால்லயே நான் நீ அவன் இருக்குறது, அதனால நான்ன்ற வார்த்தையைச் சொல்லாமலே விடுறது, எல்லாம் நமக்குப் பழகினது. கேள்வி கேக்க ஒரு நே ஒட்டுவாங்க, நாம வந்தானான்னு ஆ ஒட்டுற மாதிரி. பாதெர் மாதெர்க்வேன்னா அப்பாவும் அம்மாவும், க்வே தான் உம், என்ன, அவங்க ரெண்டாவது ஆளுக்கு மட்டும் ஒட்டுவாங்க. மார்குஸைக் கூப்பிடும்போது மார்கே, நம்ம முருகன் முருகா ஆகுற மாதிரி. தமிழ் ஸ்கூல்ல விளி வேற்றுமை எதுக்குடான்னு கேட்ட பையன் அன்னைக்கு வாயை மூடினான்.

எல்லாம் ஒத்துப் போகாது, அதையும் சொல்லிடணும். நாம ஆல், ஓடு, இருந்து, இல்னு தனித்தனியா வெச்சிருக்குறதுல பெரும்பாலானதை அவங்க அப்லேட்டிவ்னு ஒரே பையில திணிச்சுடுவாங்க, சேர்ந்து வர்ற வார்த்தையைப் பார்த்து எதுன்னு கண்டுபிடிக்கணும். மேசை பொம்பளை, தோட்டம் ஆம்பளைன்னு உயிரில்லாததுக்கெல்லாம் பால் உண்டு, உயர்திணை அஃறிணை கணக்கு அங்க செல்லாது. பெயருக்கு முன்னாடி பின்னாடி வர்ற அடைமொழியும் அதே வால் போட்டுக்கும், நமக்கு நல்ல பையன் நல்ல பொண்ணு நல்ல மேசை எல்லாத்துக்கும் நல்ல ஒண்ணு தான். இந்த மூணுக்கும் தமிழ் உதவாது, அட்டவணையை உக்காந்து படிக்கத் தான் வேணும். பெரிய வகுப்புக்கு வந்ததும் மறுபடியும் உதவும்: உர்பே காப்டான்னு ரெண்டே வார்த்தை, அதை இங்கிலீஷ்ல எழுத பிள்ளைங்க படாத பாடு படும், தமிழ்ல நகரம் பிடிபட்டதும்னு சொன்னா முடிஞ்சுது.

அதனால வீட்ல தமிழ் பேசுறதை நிறுத்தாதீங்க. இங்கிலீஷ் கெட்டுடும்னு நிறுத்தின ரெண்டு மூணு குடும்பம் எனக்குத் தெரியும், அதே குடும்பம் லத்தீனுக்கு மணிக்கு இவ்வளவுன்னு ட்யூஷனுக்குக் குடுக்குது.

சீசரா, கைசரா? பையன் என்னென்னமோ சொல்றான்

பையன் சரி. ஸ்கூல்ல பழைய ரோமானியர் எப்படிச் சொல்லியிருப்பாங்கன்னு ஆராய்ஞ்சு வெச்ச உச்சரிப்பை சொல்லித் தர்றாங்க, அதுல சி எப்பவும் க தான், அதனால கைசர், கிகெரோ. சர்ச்ல பாடுற லத்தீன் இத்தாலிக்காரங்க வாய்ல வந்தது, அதுல சிசெரோ மாதிரி ச வரும். எங்க ஃப்ரெண்டோட அம்மம்மா மன்னார் பக்கம், சின்ன வயசுல பூசையே லத்தீன்ல தான் கேட்டவங்க, பேத்தி வாய்ல வர்ற லத்தீனைக் கேட்டுட்டு உங்கட டீச்சருக்கு ஒண்டும் தெரியாது போலன்னு சொல்லிட்டாங்க. ரெண்டும் சரி தான் அம்மம்மா.

இதுல ஒரு டிப்ஸ். லத்தீன்ல குறில் நெடில் அர்த்தத்தையே மாத்தும்: லிபெர்னா புத்தகம், லீபெர்னா சுதந்திரமானவன், வெனிட்னா வர்றான், வேனிட்னா வந்தான். ரோமன் எழுத்துல மேல கோடு போடலன்னா ரெண்டும் ஒண்ணா தான் தெரியும். தமிழ் எழுத்துல எ ஏ, ஒ ஓ எல்லாம் தனித்தனியா இருக்கு, அதனால தமிழ் எழுதத் தெரிஞ்ச பிள்ளைன்னா வார்த்தை கார்டுக்குப் பின்னாடி உச்சரிப்பைத் தமிழ்ல எழுதி வெக்கச் சொல்லுங்க. ஏ லெவல்ல வெர்ஜில் கவிதையை அசை பிரிக்கும்போது இந்தக் காது நல்லா உதவும், நம்ம நேர் நிரை கணக்கும் அதுவும் வேற வேற தான், ஆனா குட்டை நெட்டை காதுல விழுந்துடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது.

450 வார்த்தை மனப்பாடம்... எப்படித் தான் பண்றது?

ஒரு நாளைக்கு அஞ்சு. வேற மந்திரம் இல்ல. பரீட்சைக்கு முந்தின ஈஸ்டர் லீவ்ல ஆரம்பிச்சா லாங்குவேஜ் பேப்பர் கையை விட்டுப் போயிடும்.

கூட இங்கிலீஷ் வார்த்தையைக் கோத்து விடுங்க, சீக்கிரம் ஒட்டும். வீடியோன்னா நான் பார்க்கிறேன்னு அர்த்தம். ஆடி கார் கம்பெனி பேர்ல கூட லத்தீன் இருக்கு, ஆரம்பிச்சவர் பேரு ஹோர்ஹ், ஜெர்மன்ல அதுக்கு கேள்னு அர்த்தம், அதை லத்தீன்ல போட்டா ஆடி. வினைச்சொல்லுக்கு நாலு வடிவம் சேர்த்துப் படிக்கணும்: ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாதுஸ். ஒண்ணுக்கொண்ணு ஒட்டே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா ட்ரான்ஸ்ஃபர், ட்ரான்ஸ்லேட் ரெண்டும் இந்த ஒரே வினைல இருந்து வந்தது, ஒண்ணு தலைல இருந்து, ஒண்ணு வால்ல இருந்து. வா, வந்தான், வருவான்னு நம்மகிட்டயும் தான் இருக்கு, வெள்ளைக்காரன் தமிழ் படிச்சா அழுவான்.

செட் டெக்ஸ்ட்டோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டா போதும்னு சீனியர் பிள்ளைங்க சொல்றாங்களே?

எங்க வீட்லயும் இதைத் தான் பண்ணாங்க, மாக் பரீட்சைல பிடிபட்டாச்சு. மொழிபெயர்ப்பு வரி வரியா மனப்பாடம், ஆனா பேப்பர்ல குடுத்த லத்தீன் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு தெரியாம அடுத்த ரெண்டு வரியையும் சேர்த்து எழுதிட்டு வந்துட்டா. எக்ஸாமினருக்கு உடனே தெரிஞ்சுடும். அதுக்கு மேல, இந்த வார்த்தையைக் கவிஞர் ஏன் இங்க வெச்சார், இந்த ஓசை என்ன பண்ணுதுன்னு கேள்வி வரும், அதுக்கு லத்தீனையே எடுத்துக் காட்டிப் பேசணும், மனப்பாட இங்கிலீஷ் அங்க கை குடுக்காது.

மனப்பாடம் வேண்டாம்னு சொல்ல வரல, திருக்குறளைக் கூட முதல்ல மனப்பாடம் பண்ணிட்டு தான் அர்த்தம் கேக்குறோம். முதல்ல லத்தீனைச் சத்தமா படிக்கணும், ஒவ்வொரு வார்த்தைக்கும் எது எதோட சேருதுன்னு கோடு போடணும், அப்புறம் மொழிபெயர்ப்பு. இந்த வரிசையை மாத்தினா தான் பிரச்சினை.

பொண்ணு டாக்டருக்குப் படிக்கணும்னு இருக்கா, லத்தீன் இருந்தா மெடிசின் சீட்டுக்கு நல்லதா?

சீட்டுக்கு கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் தான் பார்ப்பாங்க. லத்தீன் கேக்குற மெடிக்கல் ஸ்கூல் எதுவும் இல்லன்னே வெச்சுக்கோங்க. நல்ல கிரேடு எதுல வந்தாலும் நல்லது, அவ்வளவு தான்.

பேருங்க புரியும்ன்றது நிஜம், ஆனா அதுலயும் பாதி தான் லத்தீன். கிட்னிக்கு ரீனல்னா லத்தீன், நெஃப்ராலஜின்னா கிரேக்கம். கார்டியாலஜியும் கிரேக்கம் தான். மருந்துச்சீட்டுல பிடி, டிடிஎஸ்னு எழுதுறாங்களே, பிஸ் டியே, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, டெர் டியே சூமெண்டும், மூணு தடவை எடுத்துக்க. எங்க மாமியார் மாத்திரை டப்பாவை வெச்சே என் பையன் இதைப் படிச்சான். டாக்டர் ஆகணும்ன்றதுக்காக லத்தீன் எடுக்க வேண்டாம், டாக்டர் ஆகப் போறதால லத்தீன் வேண்டாம்னு சொல்லவும் வேண்டாம்.

நாங்க இந்து, இது சர்ச் மொழியாச்சே, மதம் சம்பந்தமா ஏதாவது வருமா?

ஜிசிஎஸ்இல வர்றது பெரும்பாலும் கிறிஸ்தவம் ரோம்ல பரவுறதுக்கு முந்தின காலம். ஜூபிடர், ஜூனோ, மெர்குரின்னு ஒரு பட்டாளமே இருக்கு, ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்கு ஒரு அடையாளம், ஒருத்தருக்கொருத்தர் பொறாமை. நம்ம பிள்ளைங்களுக்கு இது கொஞ்சமும் புதுசா இருக்காது. பாம்பேய் வீடுகள்ல லாராரியும்னு ஒரு சின்ன மாடம் இருக்கும், வீட்டுத் தெய்வங்களுக்கு தினமும் ஏதாவது படைப்பாங்க. அந்தப் பாடத்தன்னைக்கு என் பொண்ணு எங்க சமையலறை சாமி அலமாரியை போட்டோ எடுத்துட்டுப் போனா, வகுப்பே வேடிக்கை பார்த்துச்சாம். டீச்சர் வகுப்புக்கு விளக்க வேண்டியதை அவ விளக்கிட்டு வந்தா.

புக்ல அடிமைங்களை எல்லாம் ஏதோ வீட்டு வேலைக்காரங்க மாதிரி ஜாலியா காட்டுறாங்க. இதைப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வெக்குறது?

இந்தக் குறை பழைய பதிப்புங்கள்ல நிஜமாவே இருக்கு. க்ரூமியோ தூங்கி வழியுறதும் குடிக்கிறதும் சிரிப்புக்காக வெச்சது. 2022ல இங்க வந்த அஞ்சாவது பதிப்புல இதை நிறையவே மாத்தியிருக்காங்க, பொம்பளைப் பிள்ளைங்களுக்கும் கதைல இடம் வந்திருக்கு, கைகிலியுஸுக்கு ஒரு மகள் சேர்ந்திருக்கா. ஸ்கூல்ல புது புக் வாங்கக் காசு இல்லன்னா பிள்ளை கைல பழசு தான் இருக்கும்.

என் கருத்து, பழசா இருந்தாலும் பரவாயில்ல, உக்காந்து பேசுங்க. விலை போட்டு வித்த மனுஷன் சிரிச்சுட்டு சமைச்சிருப்பானான்னு கேளுங்க. நம்மூர்ப் பண்ணையாள் கதைங்களைச் சொல்லுங்க, தோட்டத்து லயன் வீடுங்களைப் பத்திச் சொல்லுங்க, பிள்ளைங்களுக்குச் சட்டுன்னு பிடிபடும். மேல சொன்ன இலக்கியம், பண்பாடு பேப்பர்ல அடிமை முறை பத்திக் கேட்டாலும் இப்படி யோசிச்ச பிள்ளை தான் நல்லா எழுதும்.

ஹோம்வொர்க்கை ஏஐ ரெண்டு செகண்ட்ல செஞ்சு குடுத்துடுதே, அப்புறம் என்னத்துக்கு?

குடுக்கும். பேர் போன பகுதின்னா சுத்தமாவே குடுக்கும், வகுப்புக்காக டீச்சர் எழுதின சின்னக் கதைன்னா சில சமயம் தன்னம்பிக்கையோட தப்பா குடுக்கும். பரீட்சை ஹால்ல அது வராது, அவ்வளவு தான் பதில். நாங்க ஒரு வழி வெச்சிருக்கோம், முதல்ல பையன் எழுதணும், அப்புறம் மெஷின் எழுதினதோட ஒப்பிட்டு எங்க வித்தியாசம், ஏன்னு சொல்லணும். மெஷின் தப்பைப் பிடிச்ச அன்னைக்கு அவன் முகத்தைப் பார்க்கணும்.

ஜிசிஎஸ்இல நல்ல கிரேடு வந்துச்சு, ஏ லெவலும் எடுக்கலாமா? ஸ்கூல்ல லத்தீன் இல்லாத பிள்ளை யூனிவர்சிட்டில கிளாசிக்ஸ் (லத்தீன், கிரேக்கம்) படிக்க முடியுமா?

ஏ லெவல் லத்தீன் ஓசிஆர்ல மட்டும் தான் இருக்கு, அது பெரிய தாவல். வார்த்தைப் பட்டியல் சௌகரியம் எல்லாம் போயிடும், பார்க்காத உரைநடை, கவிதையை மொழிபெயர்க்குறதுக்கே மூணுல ஒரு பங்கு மார்க். செட் டெக்ஸ்ட்டை மனப்பாடத்துலயே ஓட்டி நல்ல கிரேடு வாங்கின பிள்ளைன்னா இங்க நிஜமா கஷ்டப்படும். புதிரைப் பிரிக்கிற ஆசை இருந்தா எடுக்கட்டும், கணக்குல நல்லா போடுற பிள்ளைங்க நிறைய பேர் இதுல ஒட்டிக்கிறாங்க, என் பொண்ணு மேத்ஸ், ஃபர்தர் மேத்ஸ், லத்தீன்னு எடுத்து வெச்சப்போ சொந்தக்காரங்க எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தாங்க.

லத்தீன் இல்லாத பிள்ளைக்கும் கதவு மூடல. கேம்பிரிட்ஜ்ல அதுக்குன்னே நாலு வருஷ கோர்ஸ் இருக்கு, முதல் வருஷம் லத்தீனை அடியிலேர்ந்து சொல்லித் தருவாங்க. வேற பல யூனிவர்சிட்டிலயும் ஆரம்ப லத்தீன், ஆரம்ப கிரேக்கம் இருக்கு. லத்தீன் இல்லாத ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைன்னா, மேல சொன்ன கிளாசிக்கல் சிவிலைசேஷன் இருந்தா எடுக்கட்டும், அதுவும் இல்லன்னா ஹிஸ்டரி, இங்கிலீஷ் போதும்.

தமிழ் தான் மூத்த மொழி, லத்தீன்லயே தமிழ் வார்த்தை இருக்குன்னு பையன் ப்ராஜெக்ட் எழுதுறான், விடலாமா?

வாட்ஸ்ஆப்ல வந்ததை எழுத விடாதீங்க. லத்தீனும் தமிழும் வேற வேற குடும்பம், நான் மேல சொன்னது வேலை செய்யுற விதம் ஒத்துப் போகுதுன்றது மட்டும் தான், சொந்தம்ன்றது இல்ல. ஒலி ஒண்ணா இருக்குற ரெண்டு வார்த்தையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா டீச்சர் ஆதாரம் எங்கன்னு கேப்பாங்க, பையன் முழிப்பான்.

அதுக்குப் பதிலா வியாபாரத்தை எழுதச் சொல்லுங்க, அதுக்கு ஆதாரம் மலை மாதிரி இருக்கு. இந்தியா வருஷத்துக்கு அஞ்சு கோடி செஸ்டெர்ஸ் காசை உறிஞ்சுதுன்னு ரோமானிய எழுத்தாளர் ப்ளினி புலம்பி வெச்சிருக்கார். கோயம்புத்தூர், கரூர் பக்கம் மண்ணுக்குள்ள ரோமக் காசு கிடைக்குது, அரிக்கமேட்டுல 1945ல தொல்லியல் ஆய்வாளர் வீலர் தோண்டி இத்தாலிப் பானை ஓடுங்களை எடுத்தார். சேர நாட்டு முசிறித் துறைமுகத்துலேர்ந்து ஹெர்மாபொல்லோன்னு ஒரு கப்பல் ஏத்திட்டு வந்த சரக்குக்கான கணக்கும் கடன் பத்திரமும் வியன்னால ஒரு பப்பைரஸ்ல (நாணல்ல செஞ்ச பழைய காகிதம்) இருக்கு. யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்புச்சுன்னு அகநானூறு சொல்லுது. ரெண்டு கரைலயும் எழுதி வெச்சிருக்காங்க, இதுக்கு மேல ஒரு பையனுக்கு என்ன வேணும்.

லீவ்ல எங்க கூட்டிட்டுப் போறது? ரோம் வரைக்கும் போக வசதி இல்ல

ரோம் வேண்டாம், ரோமானியருங்க 43லேர்ந்து 410 வரைக்கும் இங்கயே தான் இருந்தாங்க. லண்டன்ல ப்ளூம்பெர்க் கட்டடத்துக்குக் கீழ ரோமானியர் கும்பிட்ட மித்ராஸ் சாமி கோயில் இருக்கு, இலவசம், அங்க தோண்டினப்போ எடுத்த மரப்பலகைல ஒண்ணுல தேதியே இருக்கு, கி.பி. 57 ஜனவரி 8, ஒரு கடன் பாக்கி விஷயம். பாத் ஊர்ல வெந்நீர்க் குளத்துல போட்ட ஈயத் தகடுங்க: என் மேலங்கியைத் திருடினவன் நாசமா போகட்டும்ன்ற மாதிரி சாபம், பெரும்பாலும் லத்தீன்ல. பிள்ளைங்களுக்கு இது கோயில் சிலைங்களை விட பிடிக்கும்.

வடக்கால போக முடிஞ்சா ரோமானியர் எல்லைல கட்டின ஹேட்ரியன் சுவர் பக்கத்துல விண்டோலண்டா. 1973ல மெல்லிசான மரச்சீவல்ல மையால எழுதின கடிதங்க அங்க கிடைச்சுது. க்ளௌடியா செவெராங்குற பொம்பளை தன் பிறந்தநாளுக்கு லெபிடினாங்குற தோழியைக் கூப்பிட்டு எழுதினது ஒண்ணு, கடைசில சில வரி அவங்க கையெழுத்து, கிட்டத்தட்ட கி.பி. 100. அந்தக் கடிதம் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. அதே பலகைக் கூட்டத்துல ஒரு கணக்குல மிளகு வாங்கினது ரெண்டு டெனாரியுஸ் காசுன்னு இருக்கு, குளிர்ல நடுங்கிட்டு எல்லைல காவல் நின்ன சிப்பாய் ஒருத்தன் பேர்ல. அதே மியூசியத்துல ஹாக்ஸன்னு ஒரு ஊர்ல 1992ல கிடைச்ச வெள்ளி மிளகுச் சிமிழும் இருக்கு, ஒரு மகாராணி மாதிரி பொம்மை வடிவம், அடில திருகினா மிளகுத்தூள் விழும். என் பையன் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்னுட்டு, அம்மா அவங்க ரசம் வெச்சாங்களான்னு கேட்டான்.